பெயர் செய்திக்குள் இல்லை

பழைய கைப்பேசியிலிருந்து மீட்ட குறுஞ்செய்திகளைக் கணினியில் திறந்து பார்ப்பவர்கள் திகைத்துப்போகிறார்கள். பேச்சு முழுக்க இருக்கிறது; பேசியவர் பெயரைக் காணோம், வெறும் எண்கள். மீட்டவர் பெயர்களைத் தொலைத்துவிட்டார் என்று குறை சொல்வதில் நியாயமில்லை. பெயர் அந்தச் செய்தியோடு ஒருநாளும் சேமிக்கப்படவே இல்லை.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே குறுஞ்செய்திகளை ஒரு தரவுத்தளத்திலும் தொடர்புப் பட்டியலை வேறொன்றிலும் வைக்கின்றன. செய்தியைத் திரையில் காட்டும்போதுதான் எண்ணைப் பட்டியலில் தேடிப் பெயரை ஒட்டுகின்றன. செய்திகளை மட்டும் நகலெடுத்தால் எண்தான் மிஞ்சும்.

வாட்ஸ்ஆப் உரையாடலை உரைக்கோப்பாக எடுத்தால் நிலைமை தலைகீழ். எடுப்பவர் தன் போனில் சேமித்திருக்கும் பெயரே அதில் பதிவாகும், எண் இருக்காது. சேமிக்காதவர்களுக்கு மட்டுமே எண் வரலாம். ‘மாமா’ என்று இரண்டு பேரைச் சேமித்திருந்தால், குடும்பக் குழுவில் பேசியது எந்த மாமா என்று அந்தக் கோப்பை வைத்துச் சொல்ல முடியாது.

எண் கையில் இருந்தாலும் பொருத்துவது எளிதல்ல. ஒரே எண்ணை ஒருவர் +91 சேர்த்தும், இன்னொருவர் முன்னால் 0 போட்டும், வேறொருவர் நடுவே இடைவெளி விட்டும் வைத்திருப்பார். எல்லாவற்றையும் நாட்டுக் குறியீட்டோடு கூடிய ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். ‘கடைசிப் பத்து இலக்கத்தை எடு’ என்ற குறுக்குவழி இந்திய எண்களுக்குச் சரிவரும். சிங்கப்பூர் எண்ணில் சறுக்கும். அங்கே குறியீடு 65, எண் 8 இலக்கம். சேர்த்தால் சரியாகப் பத்து. கூட்டல் குறி விடுபட்டால், 6இல் தொடங்கும் இந்திய எண் என்றே மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும்.

காலமும் குழப்பும். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். இன்றைய பட்டியலைக் கொண்டு பத்தாண்டுக்கு முந்தைய செய்திக்குப் பெயரிட்டால், அன்று அந்த எண்ணே இல்லாதவர் தலையில் அந்தப் பேச்சு விழும். பழைய செய்திக்கு அந்தக் காலத்துப் பட்டியல்தான் பொருந்தும்.

ஆகவே காப்பகத்தில் மூல எண்ணை அழித்து அதன்மேல் பெயரை எழுதக் கூடாது. பெயருக்குத் தனிப் பத்தி வையுங்கள். எந்தப் பட்டியலிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்த பெயர் என்பதையும் குறியுங்கள். செய்திகளை நகலெடுக்கும் அன்றே தொடர்புப் பட்டியலையும் விசிஎஃப் கோப்பாக எடுத்து வையுங்கள். எண் என்பது பதிவு. பெயர் நாம் அதற்குத் தரும் விளக்கம். விளக்கம் தவறினால் திருத்திக்கொள்ளலாம், பதிவு கையில் இருக்கும்வரை.