பாட்டிக்கு வசனம் புரிந்தால்தான் ஹோம் தியேட்டர்!

வீட்டுக்கு ஏ.வி ரிசீவர் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்கியவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருப்பார். மழைக் காட்சி, ஹெலிகாப்டர் காட்சி, கார் துரத்தும் காட்சி என்று தேடித் தேடிப் போட்டுக் காட்டுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். எல்லோருக்கும் சந்தோஷம்.

உண்மையான விமர்சனம் மூன்றாவது வாரத்தில்தான் வரும். "ஏம்ப்பா, அவன் என்ன சொன்னான்? ஒண்ணுமே விளங்கலையே" என்பார் பாட்டி. பேரன் வசனத்துக்காக வால்யூமைக் கூட்டுவான். அடுத்த நொடியே சண்டைக் காட்சி வரும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு எழும். "அதை அணைச்சுட்டு டி.வி-யிலேயே வைங்களேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அரை லட்சம் கொடுத்து வாங்கிய பெட்டி, மேலே பூவேலைத் துணி போர்த்திக்கொண்டு ஷோகேஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்படி மூலைக்குப் போன ரிசீவர்களில் பலவற்றில் எந்தப் பழுதும் இருக்காது. தியேட்டருக்கென்று செய்த ஒலியை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளாததுதான் சிக்கல். அந்த மாற்றத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

மைனஸ் 30 என்றால் என்ன?

புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: "வால்யூம் ஏன் மைனஸில் காட்டுது? பெட்டி கோளாறா?"

கோளாறு இல்லை. சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்யும் கூடங்களுக்கென்று ஓர் அளவு உண்டு. அந்த அளவில் வைத்தால் ஒரு ஸ்பீக்கரிலிருந்து உச்சக்கட்டமாக 105 டெசிபல் வரை சத்தம் வரலாம். முறையாகச் சரிபார்த்து வைத்த ரிசீவரில் '0' என்பது ஏறக்குறைய அந்த தியேட்டர் அளவு. மைனஸ் 30 என்றால், அதைவிட 30 டெசிபல் குறைவாகக் கேட்கிறோம் என்று பொருள். வீட்டு ஹாலில் பெரும்பாலோர் கேட்பது மைனஸ் 20-க்கும் மைனஸ் 35-க்கும் நடுவில்தான்.

பிரச்னையின் வேர் இங்கேதான். தியேட்டரில் கிசுகிசுப்பும் காதில் விழும், வெடிச்சத்தமும் நெஞ்சில் அறையும். இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி விட்டுத்தான் ஒலிக்கலவை செய்கிறார்கள். வீட்டில் மொத்தத்தையும் 30 டெசிபல் இறக்கினால் வெடிச்சத்தம் அப்போதும் கேட்கும். கிசுகிசுப்போ, தலைக்கு மேலே 5-ல் சுற்றும் ஃபேன் சத்தத்தில் மூழ்கிவிடும்.

இதற்கென்றே ரிசீவருக்குள் ஒரு வசதி இருக்கிறது. 'நைட் மோட்', 'டைனமிக் வால்யூம்', 'டைனமிக் ரேஞ்ச்' என்று பிராண்டுக்கு ஒரு பெயர். உரத்த சத்தத்தை அடக்கி, மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஒலிப்பிரியர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். குழந்தை தூங்கும் வீட்டில் இரவு 9 மணிக்கு மேல் இதை ஆன் செய்வதில் ஒரு குற்றமும் இல்லை.

வசனம் பேசுவது நடு ஸ்பீக்கர்

5.1 என்பதில் ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்-ஊஃபர். இடமும் வலமும் இசையைப் பார்த்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் இரண்டும் மழையையும் கூட்டத்தையும் பார்த்துக்கொள்ளும். வசனத்தில் பெரும்பகுதி வருவது டி.வி-க்குக் கீழே படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான். அதைத்தான் பல வீடுகளில் ஷோகேஸ் தட்டின் உள்பக்கமாகத் தள்ளி, முன்னால் போட்டோ ஃப்ரேமும் வைத்திருப்பார்கள்.

அதைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுங்கள். முன்பக்கத்தின் கீழே ஒரு சிறிய ரப்பர் கட்டையை வைத்து, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பிறகு ரிசீவர் மெனுவில் சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். சப்-ஊஃபரைக் கொஞ்சம் குறையுங்கள். பாட்டியின் புகாரில் பாதி இத்துடன் தீர்ந்துவிடும்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. 'ச', 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் இருப்பது அங்கேதான். அதனால் அவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. மொத்த வால்யூமைக் கூட்டினால் பேஸும் சேர்ந்து எழுந்து அந்த மெல்லிய ஒலிகளை இன்னும் அமுக்கும். பெரியவர்களுக்குத் தேவை தெளிவு. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல சென்டரைச் சரிசெய்வதே சரியான முறை.

சென்டர் ஸ்பீக்கரே வாங்காதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெனுவில் 'சென்டர் இல்லை' என்று குறிக்காவிட்டால், ரிசீவர் வசனத்தை இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பாட்டு கேட்கும், பேச்சு மட்டும் காணாமல் போகும்.

மைக் வைக்கும் அரை மணி நேரம்

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். பலர் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. யமஹாவில் 'ஒய்.பி.ஏ.ஓ', டெனான், மரான்ட்ஸில் 'ஆடிஸி' என்று பெயர் மாறும். வேலை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளந்து எல்லாவற்றையும் சமன்செய்யும். ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகும். பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்கவைத்து, தூரத்து ஸ்பீக்கரோடு சேர்த்து உங்கள் காதுக்கு வரச்செய்வதுதான் இதன் சூட்சுமம்.

மைக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. சோபா மெத்தையில் போடவும் கூடாது. கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வையுங்கள். ஃபேன், ஏ.சி இரண்டையும் நிறுத்துங்கள். குக்கர் விசில் அடங்கட்டும். முடிந்த பிறகு முடிவுகளைப் பாருங்கள். சப்-ஊஃபரின் தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் பதற வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று எடுக்கும் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகவே கணக்கிடுகிறது. சின்ன ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று குறித்திருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, பிரிக்கும் புள்ளியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கனத்த ஒலியைச் சப்-ஊஃபர் சுமக்கட்டும்.

அறையும் ஒத்துழைக்க வேண்டும். வழவழப்பான டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடிக் கதவு என்று இருக்கும் ஹாலில் எந்தப் பெட்டியை வைத்தாலும் எதிரொலி வசனத்தைக் குழப்பும். ஒரு தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமக்காளம், பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி. ஆயிரக்கணக்கில் செலவு செய்து கேபிள் மாற்றுவதைவிட இவற்றுக்குப் பலன் அதிகம்.

இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடுதா?

ஐந்து ஸ்பீக்கர் வாங்கி, இரண்டில் மட்டும் சத்தம் வருகிறது என்பது அடுத்த பெரிய புகார். டி.வி-யில் உள்ள ஆப்பில் படம் பார்ப்பவர்கள், டி.வி-யின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் பல டி.வி-கள் எல்லாவற்றையும் ஸ்டீரியோவாகச் சுருக்கியே அனுப்பும். 'பாஸ்-த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்கள். ஹெச்.டி.எம்.ஐ கேபிள் 'ஏ.ஆர்.சி' என்று எழுதியிருக்கும் துளையில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும். படத்தின் ஒலித் தேர்வில் தமிழ், தமிழ் 5.1 என்று இரண்டு இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று சத்தம் வராவிட்டால், சர்வீஸுக்கு போன் போடும் முன் டி.வி, ரிசீவர், செட்-டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்கையும் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். ஹெச்.டி.எம்.ஐ கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் தடுமாறுவது அடிக்கடி நடப்பதுதான்.

சூடு, மின்னல், அமெரிக்கப் பெட்டி

ரிசீவர் வேலை செய்யும்போது நன்றாகச் சூடாகும். அது இயல்பு. அந்தச் சூடு வெளியேற வழியில்லாததுதான் ஆபத்து. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், மேலே போர்த்திய துணி, அதன்மேல் செட்-டாப் பாக்ஸ் என்று அடுக்கினால் பெட்டியின் ஆயுள் குறையும். மேலே அரை அடியாவது காலியாக விடுங்கள். தூசு படாமல் இருக்கத் துணி போடுவதென்றால், அணைத்து ஆறிய பிறகு போடுங்கள்.

ஆன் செய்த உடனே அணைந்து சிவப்பு விளக்கு மின்னினால், பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் ஒவ்வோர் ஒயரையும் முறுக்கிச் சரியாகச் செருகினாலே பலருக்குப் பெட்டி உயிர்பெற்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடித்தால், சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிள் டி.வி, டிஷ் ஒயர் வழியாகவும் மின்னதிர்ச்சி வந்து ஹெச்.டி.எம்.ஐ துளையைப் பொசுக்கலாம். அதனால் அதையும் கழற்றிவிடுவது நல்லது.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ ஆசையாகக் கொண்டுவரும் ரிசீவருக்கு இன்னொரு கண்டம் உண்டு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், பிளக் மாற்றி நேரடியாகச் செருகிய அந்த நொடியே கதை முடிந்துவிடலாம். போதிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வாரன்ட்டி இங்கே செல்லுமா என்றும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாட் கணக்கும் பணக் கணக்கும்

அட்டைப் பெட்டியில் பெரிதாக இருக்கும் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓட்டி, 10 சதவிகிதம் சிதைவு வரை விட்டு அளந்த எண்ணாக அது இருக்கலாம். இரண்டு ஸ்பீக்கர்களை ஓட்டி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் அளந்த எண் எவ்வளவு என்று கேளுங்கள். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தவர்கள் வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிப்பது கடினம்.

புத்தம் புதிய தொழில்நுட்பத்துக்கும் அவசரப்பட வேண்டாம். 2020-ல் வந்த ஹெச்.டி.எம்.ஐ 2.1 ரிசீவர்கள் பலவற்றில், ஒரு சிப்பின் கோளாறால், புதிய கேம் கருவியை 4கே, 120 ஹெர்ட்ஸில் இணைத்தால் திரை கறுத்துப்போனது. அட்டையில் எழுதியிருந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுத்தவர்கள், தீர்வுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ரிசீவர் சில வருடங்களில் பழசாகிவிடும், நல்ல ஸ்பீக்கர் அடுத்த ரிசீவருக்கும் உழைக்கும். கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை ஸ்பீக்கருக்கு, அதிலும் சென்டருக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

சுவருக்கு அப்பால் இருப்பவர்

அடுக்குமாடியில் வசனம் சுவர் தாண்டாது, பேஸ் தாண்டும். கீழ்வீட்டுக்காரருக்குப் படமே தெரியாமல் இடி மட்டும் கேட்கும். சப்-ஊஃபரை மூலையிலிருந்து நகர்த்தி, கீழே தடித்த ரப்பர் மெத்தை போட்டால் கொஞ்சம் குறையும். இரவில் அதன் அளவை இறக்குவதுதான் முழுத் தீர்வு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதியைவிட, மறுநாள் லிஃப்டில் சந்திக்கும் முகம் முக்கியம்.

எல்லாம் அமைத்த பிறகு கடைசியாக ஒரு பரீட்சை வையுங்கள். ரிசீவரிலும் டி.வி-யிலும் 'சி.இ.சி' வசதியை ஆன் செய்து, டி.வி ரிமோட்டிலேயே ரிசீவரும் ஆன் ஆகி, வால்யூமும் கூடிக் குறையும்படி வைத்துவிட்டு, நீங்கள் கடைத்தெருவுக்குக் கிளம்புங்கள். அம்மா யாரையும் கூப்பிடாமல் தன் சீரியலைப் போட்டு, வசனம் புரிந்து பார்க்க முடிந்ததா என்று திரும்பி வந்து கேளுங்கள். "முடிஞ்சுதுப்பா" என்று அவர் சொன்னால், அந்தப் பெட்டி இனி மூலைக்குப் போகாது.