நாசிலில் ஊசி வேண்டாம்



நகைப்பட்டறை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பற்றவைக்கும்போது தெறிக்கும் வெண்காரமும் கரியும் டார்ச் நாசிலின் துளையில் படிந்தால் சுடர் கோணும், இரண்டாகப் பிரியும், சமயத்தில் 'டப்'பென்று உள்வாங்கும். உடனே தையல் ஊசியால் குத்துகிறார்கள். பித்தளையைவிட எஃகு கடினம். துளை அகன்று கோணலாகிவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் சுடர் நேராகாது, நாசிலை மாற்றத்தான் வேண்டும்.

எம். புதுப்பட்டிக்காரர்களுக்கு இது புரியும். பட்டாசு மருந்து கையாளும் இடத்தில் பொறி பறக்கும் என்று இரும்புக் கருவியைத் தவிர்க்கிறோம். இங்கே காரணம் வேறு, பாடம் ஒன்றே.

சிலிண்டரை மூடி, நாசில் ஆறியபின் கழற்றுங்கள். துளையைவிடச் சற்று மெல்லிய நாசில் கம்பியை நேராக விட்டு இழுங்கள்; திருகாதீர்கள். நுனிப்பக்கமிருந்து காற்றடித்தால் அழுக்கு பின்வழியே வந்துவிடும். ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது; தீப்பிடிக்கும். மாட்டியபின் சோப்புநீர் தடவிக் கசிவு பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையிலேயே தேங்கும்.

தொழில் பழகும் பையன் கையில் தீயைக் கொடுக்குமுன் இதைச் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை. பையன் சூடுபட்டபின் திட்டுவதில் பயனில்லை.