ஒரே நாளில் நாலு ஊர்

நாமக்கல் பஸ் நிலையத்துச் சுவரில் சமீபத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். புதுச்சேரி, சிதம்பரம், பூம்புகார், தரங்கம்பாடி. கடல், கோட்டை, பூங்காக்கள். எல்லாம் ஒரே நாளில்! சனிக்கிழமை இரவு ஏறினால் திங்கட்கிழமை விடியுமுன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். நானும் பணம் கட்டிப் போய் வந்தேன். போகாமலே எழுதுகிற வழக்கம் எங்கள் தொழிலில் உண்டுதான். இது அப்படி எழுதியதல்ல.

போக வர 500 கிலோமீட்டருக்கு மேல். லாரிக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு லாரிக்கு இது சரி. மூட்டை போய்ச் சேர்ந்தால் போதும். அது எதையும் பார்க்க வேண்டியதில்லை. மனிதர்களையும் அப்படியே ஏற்றி இறக்குகிறார்களே என்பதுதான் என் சண்டை.

புதுச்சேரியில் தாவரவியல் பூங்காவுக்கு அரை மணி. 1826-இல் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய தோட்டம் அது. அந்த மண்ணில் எந்தப் பயிர் தேறும் என்று சோதித்துப் பார்த்த இடம். எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் மரவள்ளி போடுகிற குடியானவர்கள். அவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வாதம் நடந்திருக்கும்! ஒருவரும் சொல்லவில்லை. பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபத்துக்கும் இதே கதிதான். தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் நினைவுக்கு எழுப்பியது என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. குடத்தோடு தண்ணீருக்கு அலைந்த சேலத்து, நாமக்கல்லுப் பெண்களுக்கு இதைவிட நெஞ்சில் தைக்கிற கதை எது? "போட்டோ எடுத்துக்குங்க, பத்து நிமிஷம்" என்றார் வழிகாட்டி.

சிதம்பரத்தில் உச்சிக்கால நடை சாத்தியாகிவிட்டது. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பூம்புகாரில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மோகனூரிலிருந்து ஒரு கிழவி வந்திருந்தாள். கையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு. கடலையே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஆனால் அவள் பார்க்க வந்தது கடலை அல்ல.

"ஏஞ் சாமி, நம்ம காவேரி எங்க வந்து உழுகுதுன்னு ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேனே" என்று பஸ் பையனிடம் கேட்டாள்.

"நேரமாச்சுங்க ஆத்தா. வண்டி எடுக்கோணும்."

சங்கமம் கொஞ்ச தூரத்து நடைதான். மோகனூரில் அகன்று போகிற ஆறு அங்கே வாய்க்கால் மாதிரி ஒடுங்கியிருக்கும். முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் கொடுத்து, கல்லணையில் வெண்ணாற்றுக்குக் கொடுத்து, தஞ்சை வயல்களுக்கெல்லாம் கொடுத்து மீந்த தண்ணீர். பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில் குளித்தவள் அதன் முடிவைப் பார்க்க ஆசைப்பட்டாள். ஹாரன் அடித்தார்கள். செம்பு காலியாகவே திரும்பியது.

இவ்வளவு அவசரமாகப் போய்ச் சேர்ந்த தரங்கம்பாடியில் விளக்கு வைத்துவிட்டார்கள். 1620-இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதிலை இருட்டில் பார்த்தோம். சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்த ஊர் அது. தமிழை எழுதிப் பிழைக்கிற நான் அந்தத் தெருவில் கால் வைக்காமலே வந்தேன்.

நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். "ஏனுங்க, வருஷத்துக்கு ஒரு நாள் லீவு கெடைக்கறவன் நாலு ஊரையும் பாத்துட்டு வரட்டுமே. காசிருக்கறவனாட்டம் லாட்ஜுலயா தங்க முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. விசைத்தறிக்காரருக்கும் கோழிப்பண்ணை ஆளுக்கும் ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த ஒரு நாளையும் பஸ்ஸுக்குள்ளேயே தூங்க வைத்துக் கழித்துவிடுகிறீர்களே என்றுதான் கேட்கிறேன். பூம்புகாரும் தரங்கம்பாடியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். திருச்சி, கும்பகோணம் வழியாகக் காவிரியோடு கூடவே போகலாம். இரண்டையும் ஒரு பகல் முழுக்க நடந்து பார்க்கலாம். புதுச்சேரி எங்கும் ஓடிப்போகாது. அடுத்த வருஷம் அதற்கென்று தனியாகப் போனால் போயிற்று.

இந்த யோசனையைப் பிரயாண ஏற்பாட்டாளரிடமே சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரெண்டு ஊர் என்று போட்டால் டிக்கெட் எடுக்க ஆள் வராது என்றார்.

போன வாரம் பஸ் நிலையத்தில் புது விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். அதே பணம், அதே ஒரு நாள். வேளாங்கண்ணியையும் சேர்த்து ஐந்து ஊர்.