லுங்கிக்கு ஒரு சட்டம் இருக்கு, தெரியுமா?

பட்டுப்புடவை பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இன்னிக்கு லுங்கி பற்றி எழுதப் போறேன். சிரிக்காதீங்க மக்களே.

வேலூர் பக்கம்னா வெளியூர்க்காரங்களுக்குத் தோல் ஞாபகம் வரும், அப்புறம் ஆம்பூர் பிரியாணி. (2019-ல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. பிரியாணி எல்லாருக்கும் பொதுதான் :-)) ஆனா கொஞ்சம் தள்ளி இருக்கிற குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பேர் போன ஊர். 1954-ல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும்.

கட்டம் போட்ட லுங்கி லேசுப்பட்ட வேலை இல்லீங்க. நூலுக்குச் சாயம் போடணும், பாவு போடணும், கஞ்சி போட்டுக் காய வைக்கணும், தார் சுற்றணும். அதுக்கப்புறம்தான் நெசவாளி தறிக்குழியில் கால் வைக்கிறார். ஊடையில் கலர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நாடாவை மாற்றணும். எண்ணிக்கை தப்பினா கட்டம் கோணும். தறியில் உட்காருவது ஒருத்தர்தான், ஆனா பின்னால் வீட்டுப் பெண்கள், வயசானவங்க எல்லோர் உழைப்பும் இருக்கு. கூலி மட்டும் நெய்து இறக்கின உருப்படிக்குத்தான்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1985-ல் மத்திய அரசு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யணும், விசைத்தறி தொடக்கூடாது. முதலில் 22 ரகம், அப்புறம் 11 ஆகச் சுருக்கிட்டாங்க. அந்த 11-லும் லுங்கி இருக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறைன்னு 1985-ல் வந்தப்போ சட்டம் சொல்லிச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1993-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தாச்சு.

சரி, உங்க வீட்டுக் கொடியில் தொங்குற லுங்கி எந்தத் தறியில் நெய்தது? சொல்ல முடியாது இல்லையா? அதுதான் என் புகார். சட்டம் தறியைத்தான் போய்ப் பார்க்குது, கடையை இல்லை. தறிக்கூடத்தில் ரெய்டு வந்தால் அங்கே கூலிக்கு ஓட்டுறவனும் நம்மைப் போல ஏழைதான். அவனைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்?

சீனாவில் ராமி என்கிற செடியின் நாரைக் கையால் இழை பிரித்து, வெயில் காலத்துக்கென்று ஒரு துணி நெய்கிறார்கள். அதுவும் கிராமத்து வீடுகளில் நடக்கும் வேலைதான். அதை 2008-ல் அந்த நாட்டு அரசு தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் ராமி நெசவு 2009-லும், கொரியாவின் ஹன்சான் நெசவு 2011-லும் யுனெஸ்கோ பட்டியலுக்கே போயிடுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு லுங்கி அந்த வழியில் போறதில் இஷ்டமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற லுங்கியை யார் கட்டுவாங்க? இது மீன் மார்க்கெட்டிலும் டீக்கடையிலும் கட்டுற துணி. தினம் விற்றால்தான் நெசவாளிக்குச் சோறு.

2015-லிருந்து ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்று வந்தது. பக்கத்தில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்குது, அங்கே பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டு. நெசவாளி வீட்டுப் பொண்ணு எதில் ஏறுவா? நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எந்தத் தறியில் நெய்தது என்று ஒவ்வொரு லுங்கி லேபிளிலும் அச்சடிக்கக் கட்டாயப்படுத்துங்க. விசைத்தறி என்று போட்டால் அவரே சட்டத்தை மீறினதா ஒத்துக்கிட்ட மாதிரி, கைத்தறி என்று பொய் போட்டால் அது மோசடி. இரண்டிலும் பிடிபடுவது பெரிய வியாபாரி, தறி ஓட்டுறவன் இல்லை.

அதுவரைக்கும் 2006-லிருந்து இருக்கிற கைத்தறி முத்திரையைக் கடையில் கேட்டுப் பாருங்க. முதல் இரண்டு கடைக்காரர் முழிப்பார். மூணாவது ஆள் கேட்டா நாலு உருப்படி வாங்கி வைப்பார்.