போய்ப் பார்த்தவர்

நிருபர்னா நடுநிலையா இருக்கணும், உணர்ச்சிவசப்படக் கூடாதுன்னு அடிக்கடி சொல்றாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. காரணம், ஜானுவேரியஸ் மெக்கஹன்.

1844ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் ஹெரால்டு பத்திரிகைக்காக ஊர் ஊராகப் போர்க்களம் சுற்றினார். 1873ல் ரஷ்யப் படை மத்திய ஆசியாவின் கீவா மேல் படையெடுத்தது. நிருபர்களுக்கு அனுமதி கிடையாது. மனுஷன் கேட்டாரா? குதிரையில் கிஸில்கும் பாலைவனத்தைக் கடந்து, படையைத் தேடிப் பிடித்துவிட்டார். ரொம்ப தைரியம், கொஞ்சம் கிறுக்கு!

ஆனா நான் சொல்ல வந்தது 1876ல் நடந்தது. அப்போது பல்கேரியா துருக்கிய ஓட்டோமான் ஆட்சியில் இருந்தது. அங்கே எழுந்த கலகத்தை அடக்குவதாகச் சொல்லி கிராமம் கிராமமாகக் கொன்றார்கள். லண்டனின் டெய்லி நியூஸ் ஜூனில் செய்தி போட்டது. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி அதைக் காப்பிக்கடை வம்பு என்று ஒதுக்கினார். ரஷ்யாவைத் தடுக்க துருக்கி அவருக்கு வேணுமே!

டெய்லி நியூஸ் மெக்கஹனை அனுப்பியது. அமெரிக்கத் தூதரக அதிகாரி யூஜின் ஷைலரும் விசாரணைக்குக் கிளம்ப, இருவரும் சேர்ந்தே போனார்கள். பதாக் என்ற மலைக் கிராமம். கொலை நடந்து மூன்று மாசம் ஆகப் போகுது, பிணங்களைப் புதைக்கக்கூட ஆளில்லை. தேவாலயத்துக்குள்ளும் அதே கதி. பார்த்தார், பிழைத்தவர்களிடம் கேட்டார், எழுதினார். ஆகஸ்டில் அது அச்சாக, லண்டன் கொதித்தது. செப்டம்பரில் கிளாட்ஸ்டன் இதைப் பற்றியே ஒரு சிறு நூல் போட்டார். 1877 ஏப்ரலில் ரஷ்யா துருக்கி மேல் போர் தொடுத்தபோது, பிரிட்டன் துருக்கிக்காகக் களம் இறங்கவில்லை. ஒரே ஆள்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த எழுத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மெக்கஹன் நடுநிலையா? இல்லவே இல்லை. மனைவி ரஷ்யப் பெண், நெருங்கிய நண்பர் ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவ். அந்தப் போருக்கும் ரஷ்யப் படையோடுதான் போனார். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அந்தப் போரில் லட்சக்கணக்கான முஸ்லிம்களும் ஊரைவிட்டு ஓடினார்கள், வழியில் ஏராளமானோர் செத்தார்கள். பல்கேரியாவுக்கு விடுதலை தந்த அதே போர்தான். ஓடிய குடும்பங்களிடம் கேட்டால் வேற கதை சொல்லியிருப்பார்கள்.

அப்போ மெக்கஹன் செய்தது தப்பா? இல்லைங்க. பதாக்கில் அவர் எழுதியது நின்றதுக்குக் காரணம் அவர் கோபம் இல்லை, அவர் நேரில் போனது. சாய்வு எல்லாருக்கும் இருக்கும். இருக்கிறதை மறைக்காம, போய்ப் பார்த்து, எண்ணி, கேட்டு எழுதினா போதும். பாக்கிப் பாதியைப் பார்க்க இன்னொருத்தர் போகணும். வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் தப்புதான்னு எழுதுறதுக்குப் பேர் நடுநிலை இல்லை, சோம்பேறித்தனம்.

1878 ஜூன் 9ம் தேதி, காய்ச்சலில் கிடந்த நண்பரைக் கவனிக்கப் போய், தானும் காய்ச்சல் வந்து இஸ்தான்புல்லில் இறந்தார். 34 வயசு ஆக மூணு நாள் பாக்கி. அங்கேயும் நேரில்தான் போயிருக்கார், பாருங்க.