கோபுர ஆன்டெனா சொத்துவரியும் அமெச்சூர் வானொலியும்

அமெச்சூர் வானொலி (ஹாம் வானொலி) என்பது உரிமம் பெற்ற தனியாட்கள் வருவாய் நோக்கமின்றி, தன்பயிற்சிக்காகவும் தொழினுட்ப ஆய்வுக்காகவும் நடத்தும் வானொலித் தொடர்பு ஆகும். இந்தியாவில் இதற்கான விதிகள் 1978 இல் இயற்றப்பட்டன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், போர்ட் பிளேயரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர்களே செய்திகளை வெளியே அனுப்பினர். இவ்வானொலிக்கு இன்றியமையாத உயரமான கம்பம், வரிச்சட்டத்தின் பார்வையில் என்னவாகும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

வழக்கும் சட்டமும்

செல்பேசிக் கோபுரங்களுக்குச் சொத்துவரி விதிக்கும் குஜராத் சட்டப்பிரிவை அம்மாநில உயர் நீதிமன்றம் 2013 இல் செல்லாததாக்கியது. அகமதாபாது மாநகராட்சியின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 16 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியல், 49 ஆம் பதிவில் உள்ள 'கட்டடம்' என்னும் சொல் மக்கள் குடியிருக்கும் கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று என்பது இத்தீர்ப்பின் சாரம். விந்தையாக, 2024 நவம்பரில் உற்பத்திவரி வழக்கொன்றில் அதே நீதிமன்றம், செல்பேசிக் கோபுரம் கழற்றி வேறிடம் கொண்டு செல்லத்தக்க அசையும் பொருளே எனக் கூறியது. இரண்டும் வெவ்வேறு வரிகள் என்பதால் ஒன்று மற்றொன்றை நீக்காது.

இத்தீர்ப்புகளில் அமெச்சூர் வானொலி இடம்பெறவில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கலாகாது என்பது அரசியலமைப்பின் 265 ஆம் உறுப்பு. குஜராத் சட்டம் செல்பேசிக் கோபுரத்தைப் பெயர் குறிப்பிட்டே வரி விதித்தது. ஆகவே வீட்டுக்கூரைக் கம்பத்துக்கு அத்தீர்ப்பைக் காட்டி மட்டும் வரி கேட்க இயலாது. எனினும் மாநிலம் விரும்பினால் அவ்வாறு சட்டம் இயற்றத் தடையில்லை.

2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 14 ஆம் பிரிவு, தொலைத்தொடர்பு வலையமைப்பைச் சொத்துவரிக்காக அது நிற்கும் சொத்தின் பகுதியாகக் கொள்ளலாகாது என்கிறது. இப்பிரிவு 2024 சூன் 26 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அச்சட்டத்தில் 'வலையமைப்பு' என்பது சேவை வழங்கப் பயன்படுவதாகும். எவருக்கும் சேவை விற்காத அமெச்சூர் நிலையம் இதில் அடங்கும் என்று உறுதியாகக் கூற முடியாது. கட்டணம் பெறும் நிறுவனத்துக்குக் கிடைத்த காப்பு, கட்டணம் பெறவே கூடாத பொழுதுபோக்காளருக்கு ஐயத்துக்குரியதாக நிற்பது முறையன்று.

கல்வராயன் மலை

2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை உள்ளது. 144 மெகாஹெர்ட்சு அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், முகடுகள் அவற்றை மறைக்கும். 7 மெகாஹெர்ட்சில் நிலைமை வேறு. சுமார் 20 மீட்டர் கம்பியை இரு மரங்களுக்கிடையே தாழ்வாகக் கட்டினால், அலை மேலே சென்று அயனி மண்டலத்தில் திரும்பி, மலைக்கு இருபுறமும் இறங்கும். மரத்தில் கட்டிய கம்பியைக் கட்டடம் என்று எந்த ஊராட்சியும் கூறாது. ஆனால் இத்தொடர்பு நேரத்துக்கு நேரம் மாறும். கையடக்கக் கருவியுடன் மலைப்பாதையில் செல்பவர் சமவெளியோடு பேச வேண்டுமாயின், முகட்டில் ஒரு மறுபரப்பி தேவை. அதனைத் தாங்க மரம் போதாது, கோபுரமே வேண்டும். அதன் செலவை ஏற்பவர்கள் ஆர்வலர்களே.