போதும் என்பதை நாமே தீர்மானிப்போம்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நம்மில் பலரின் கையில் இருந்தது ஒரு பை உடுப்பு மட்டுமே. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. மாற்றுடுப்பு ஒன்றோடு மாதக்கணக்கில் வாழ்ந்த மக்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் பறிகொடுத்ததால் வரும் குறைவு வேறு. நாமே தெரிந்துகொள்ளும் அளவு வேறு.

பின்னாளில் முகாம்களில் பழைய உடுப்பு மூட்டைகளைப் பங்கிட்டவர்களுள் நாமும் இருந்தோம். நமது வெயிலுக்கு ஒவ்வாத கம்பளிச் சட்டைகளும் பொத்தான் அறுந்தவையும் அவற்றில் கிடந்தன. கிடைத்ததை உடுக்கட்டும் என்று நினைத்தோம். அது நமது தவறு. உடுப்பு மனிதரின் மானத்தோடு சேர்ந்தது.

இன்று வேறொரு சிக்கல். தவணைக் காசுக்கு உடுப்பு வீட்டு வாசலுக்கே வருகிறது. கலியாணவீட்டுக்கு எல்லோரும் ஒரே நிறச் சாறி, சாமத்தியச் சடங்குக்கு இன்னொரு நிறம். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் குத்தகைக்கு வெங்காயம் நடும் குடும்பமும், விதை வெங்காயத்துக்கு வைத்த காசை எடுத்துக் கொடுக்கிறது. பின் நகையை அடைவு வைக்கிறது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து உரமும் துணியும் விலையேறிய பிறகு இந்தச் சுமை இன்னும் கூடியது.

ஏன் இப்படி? “அகதி” என்று பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமே பெருங்காரணம். அந்தக் கூச்சத்தை நாம் ஏளனம் செய்யோம். ஆயினும் கடன்பட்டு வாங்கும் சாறி அதைப் போக்குமா?

1921 செப்ரெம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். ஏழைக்குக் கதர் வாங்கவும் வசதியில்லை என்பதே அவரை உறுத்தியது. 1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பில் அவர் யாழ்ப்பாணம் வந்ததும் அந்த எளிய உடையில்தான். அதனால் அவரது மதிப்புக் குறையவில்லை. நமக்கு அரையாடை வேண்டாம். அவருக்கிருந்த தெரிவுச் சுதந்திரம் வேண்டும்.

அதற்குச் சில வழிகள் உண்டு. கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து, ஒரு வருடமாக உடுக்காதவற்றை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துக்கு எத்தனை, வெளியே போக எத்தனை, விசேடத்துக்கு எத்தனை என்று குடும்பமாகப் பேசி முடிவெடுப்போம். வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்ப்போம். உட்புறம் திருப்பித் தையலைப் பார்ப்போம். பிள்ளைகளின் உடுப்பில் உள்மடிப்பு இருந்தால் வளர வளர விரித்துத் தைக்கலாம். ஊரில் தைக்கும் பெண்ணிடம் கொடுத்தால் கூலியும் ஊருக்குள்ளே நிற்கும்.

வியர்வையை உறிஞ்சும் பருத்தியே தோட்ட வேலைக்கு உகந்தது. ஆனால் ஒரு பருத்திச் சட்டைக்குப் பயிர் முதல் துணி வரை ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகிறது என்று கணிக்கிறார்கள். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் ஊறும் நீரை இறைத்துப் பயிர் வளர்த்த நமக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு குடும்பம் தனியே இதைச் செய்தால் ஊர் பேசும்; பலர் சேர்ந்து செய்தால் அதுவே வழக்கமாகும். அடுத்த முறை அழைப்புச் சொல்லப் போகும்போது, கலியாணவீட்டாரே முதலில் சொல்லட்டும்: “புதுச்சாறி வேண்டாம், இருக்கிற நல்லதை உடுத்துக்கொண்டு வாருங்கள்.”